‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளைப் பிரித்தறிவது எப்படி

ஓடு என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ரன்’ என்று ஒன்றாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். ஆனால் மேலாளர் ‘ரன் இட் பை மீ ஃபர்ஸ்ட்’ என்று மின்னஞ்சல் அனுப்பும்போதும், வாடகை ஒப்பந்தத்தில் ‘த லீஸ் ரன்ஸ் ஃபார் 11 மன்த்ஸ்’ என்று வரும்போதும், பழைய கார் விளம்பரத்தில் ‘சீப் டு ரன்’ என்று போட்டிருக்கும்போதும் அந்த ஒன்றாம் வகுப்புப் பொருள் கை கொடுப்பதில்லை. முதலாவது, என்னிடம் காட்டிக் கேட்டுவிட்டுச் செய் என்பது. இரண்டாவது, குத்தகை 11 மாதம் செல்லும் என்பது. மூன்றாவது, வைத்து ஓட்டச் செலவு குறைவு என்பது.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்குத்தான். 430க்கும் மேற்பட்ட பொருள்கள். பிறகு திருத்திய பதிப்புக்காக ‘ரன்’ என்ற வினைச்சொல்லைப் புதிதாக ஆராய்ந்தபோது 645 பொருள்கள் சேர்ந்தன. பெயர்ச்சொல்லாக அது தரும் பொருள்கள் இந்தக் கணக்கில் இல்லை.

இந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். 645ஐயும் யாரும் மனப்பாடம் செய்வதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களும் செய்ததில்லை. வாக்கியத்தைப் பார்த்துச் சில கேள்விகளை வரிசையாகக் கேட்டால் பொருள் தானாகப் பிடிபடும். அந்தக் கேள்விகளில் முதலாவதற்குத் தமிழ் தெரிந்தவர்களிடம் ஏற்கெனவே விடை இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டியது.

ஓடுகிறதா, ஓட்டுகிறார்களா?

‘ரன்’னுக்கு அடுத்து நிற்கும் சொல்லை முதலில் பாருங்கள். அங்கே செயப்படுபொருள் நேராக வந்து நின்றால் அது பிறவினை: யாரோ எதையோ ஓட்டுகிறார்கள், நடத்துகிறார்கள், இயக்குகிறார்கள். வராவிட்டால் தன்வினை: எதுவோ தானாக ஓடுகிறது. ‘த மெஷின் ரன்ஸ்’ என்றால் இயந்திரம் ஓடுகிறது. ‘ஷி ரன்ஸ் த மெஷின்’ என்றால் அவர் அதை இயக்குகிறார்.

தமிழில் ஓடு, ஓட்டு என்று இரண்டுக்கும் வடிவமே வேறு. பழைய ஆங்கிலத்திலும் அப்படித்தான் இருந்தது. ஓடுவதற்கும் ஒழுகுவதற்கும் ‘ரின்னன்’ என்று ஒரு சொல். அதே வேரிலிருந்து பிறவினையாகப் பிறந்த ‘ஆர்னன்’ என்று இன்னொன்று. காலப்போக்கில் இரண்டும் கலந்து ‘ரன்’ என்ற ஒரே உருவத்தில் வந்து நின்றுவிட்டன. ஜெர்மன் மொழியில் இன்றும் ஒழுகுவதற்கு ‘ரின்னன்’, ஓடுவதற்கு ‘ரென்னன்’ எனத் தனித்தனியே உண்டு. ஆங்கிலம் தொலைத்த அந்த வேறுபாட்டை, படிக்கும்போது நாம் மனத்தில் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும். ‘ரன்’ பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி இந்த ஒரு பழக்கத்திலேயே தீர்ந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ‘ரன் 5 கிலோமீட்டர்ஸ்’ என்பதில் பின்னால் நிற்பது செயப்படுபொருள் அல்ல, தூரம். ‘ரன் அ மாரத்தான்’ இரு பக்கமும் சாயும்: ஓட்டக்காரர் எழுவாய் என்றால் மாரத்தான் ஓடுகிறார், ஓர் அமைப்பு எழுவாய் என்றால் மாரத்தான் நடத்துகிறது.

ஓட்டு என்ற தமிழ்ச் சொல்லை அப்படியே ‘ரன்’ ஆக்கினால் ஓரிடத்தில் வழுக்கும். ‘அவர் பஸ் ஓட்டுகிறார்’ என்பதை ‘ஹி ரன்ஸ் அ பஸ்’ என்று சொன்னால், அவர் பேருந்து வைத்துத் தொழில் நடத்துகிறார் என்று ஆங்கிலக்காரர் புரிந்துகொள்வார். ஸ்டீயரிங்கைப் பிடிப்பவர் ‘டிரைவ்ஸ்’. பைக்கும் சைக்கிளும் ஓட்டுபவர் ‘ரைட்ஸ்’. முதலாளி மட்டுமே ‘ரன்ஸ்’.

ஓடுவது எது?

தன்வினை என்று தெரிந்த பிறகு, எழுவாய் என்ன வகைப் பொருள் என்று பாருங்கள். ஆளோ விலங்கோ என்றால் பெரும்பாலும் கால்களால் ஓடுவதுதான். இயந்திரம், மென்பொருள் என்றால் இயங்குவது; ‘ரன்ஸ் ஆன் டீசல்’ என்றால் டீசலில் ஓடுகிறது. இங்கெல்லாம் தமிழ் ஓடு அப்படியே பொருந்தும். கடிகாரமும் நம்மிடம் ஓடுகிறது, ஆங்கிலத்திலும் ஓடுகிறது. 100 நாள் ஓடிய படம் ஆங்கிலத்திலும் ‘ரேன் ஃபார் அ ஹண்ட்ரட் டேஸ்’தான்.

திரவம் என்றால் ஒழுகு, வழி, பாய். மூக்கு ஒழுகும்போது ‘மை நோஸ் இஸ் ரன்னிங்’. குழாய் திறந்தே கிடந்தால் ‘த டேப் இஸ் ரன்னிங்’. துணியில் சாயம் இறங்கினால் ‘த கலர்ஸ் ரேன்’. வீட்டு விளம்பரத்தில் வரும் ‘ரன்னிங் வாட்டர்’ என்பது ஆற்று நீரல்ல. குழாயில் வரும் தண்ணீர் வசதி.

அசையவே அசையாத பொருள்களுக்கும் ‘ரன்’ வரும். சாலை, வேலி, மலைத்தொடர், நரம்பு, சேலைக் கரை, சுவரில் விழுந்த விரிசல் போன்று நீளமாகக் கிடக்கும் எதற்கும் இது பொருந்தும். மேற்குத் தொடர்ச்சி மலை கடற்கரைக்கு இணையாக ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் ‘ரன்ஸ்’. இதைத் தமிழில் ஓடுகிறது என்று எழுதினால் வாசகர் திடுக்கிடுவார். செல்கிறது, நீள்கிறது என்பதே சரி.

காலவரம்பு உள்ளவற்றுக்கு வந்தால் நீடிப்பது, செல்லுபடியாவது. ஒப்பந்தம், காப்பீடு, நாடகம், கண்காட்சி எல்லாம் இதில் அடங்கும். நீதிமன்றச் செய்திகளில் ‘த சென்டென்சஸ் வில் ரன் கன்கரன்ட்லி’ என்று வருவதைத் தமிழ் நாளிதழ்கள் ‘தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்று அழகாக எழுதுகின்றன. இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என இரு தண்டனைகள் இப்படி விதிக்கப்பட்டால் சிறையில் கழிப்பது மொத்தம் மூன்று ஆண்டு. ‘கன்செக்யூட்டிவ்லி’ என்று இருந்தால் ஐந்து ஆண்டு. ‘ரன்’னைச் சரியாகப் பிடித்துவிட்டு அதற்கடுத்த சொல்லைக் கோட்டைவிட்டால் செய்தியே தலைகீழாகிவிடும்.

அளவு வந்தால் எட்டுவது: ‘த புக் ரன்ஸ் டு 600 பேஜஸ்’, புத்தகம் 600 பக்கம் வருகிறது. குணமோ நோயோ வந்து ‘இன் த ஃபேமிலி’ என்று முடிந்தால், அந்தக் குடும்பத்தில் பரம்பரையாக வருவது. கடிதம், கதை, வாதம் வந்து ‘அஸ் ஃபாலோஸ்’ என்று தொடர்ந்தால், வாசகம் இப்படிப் போகிறது என்பது.

காலவடிவத்திலும் ஒரு கவனம் வேண்டும். தினசரிப் பேருந்துச் சேவைக்கு ‘த பஸ் ரன்ஸ் எவ்ரி 20 மினிட்ஸ்’ என்று சாதாரண நிகழ்காலம் போதும். ‘திஸ் பஸ் இஸ் ரன்னிங் டு மதுரை டெய்லி’ என்று நம்மூரில் அடிக்கடி கேட்பது, ஓடிக்கொண்டிருக்கிறது என்ற தமிழை ஆங்கிலத்தில் போட்டதன் விளைவு. இன்றைக்கு மட்டும் தாமதம் என்றால் ‘இஸ் ரன்னிங் லேட்’ சரி. இறந்தகாலம் ‘ரேன்’, ‘ஹேவ்’, ‘ஹாட்’ முன்னால் வந்தால் மறுபடி ‘ரன்’. ‘ஹாட் ரேன்’ என்பது பிழை.

ஓட்டப்படுவது எது?

பிறவினையில் பொருளைத் தீர்மானிப்பது செயப்படுபொருள். நிறுவனம், கடை, பள்ளி, வகுப்பு, முகாம் என்றால் நடத்து. நாம் நட என்பதிலிருந்து நடத்து என்று எடுத்தோம், அவர்கள் ஓட்டத்திலிருந்து எடுத்தார்கள், வேலை ஒன்றுதான். ‘ஸ்டேட்-ரன்’ என்று செய்தியில் வந்தால் அரசு நடத்தும் என்று எழுத வேண்டும். ‘ஃபேமிலி-ரன்’ என்றால் குடும்பத்தாரே நடத்துவது.

பரிசோதனை, நிரல், கணக்கு என்றால் செய்து பார்ப்பது, இயக்கிப் பார்ப்பது. விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் சிறு பெட்டியின் பெயர் ‘ரன்’ என்று இருப்பதும் இந்தப் பொருளில்தான்.

சில செயப்படுபொருள்கள் ‘ரன்’னோடு இறுகிவிட்டவை, அவற்றைப் பிரிக்காமல் முழுசாகக் கற்றுக்கொள்வது நல்லது. ‘ரன் அ டெம்பரேச்சர்’, ‘ரன் அ ஃபீவர்’: காய்ச்சல் அடிப்பது. ‘ரன் அ பாத்’: குளிக்கத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிடுவது. ‘ரன் அன் எரண்ட்’: கடைக்குப் போவது போன்ற சில்லறை வேலைக்காக வெளியே போய்வருவது. ‘ரன் அ ரிஸ்க்’: ஆபத்துக்கு இடம் கொடுப்பது. ‘ரன் அ ஸ்டோரி’: பத்திரிகை செய்தி வெளியிடுவது. ‘ரன் அ டெஃபிசிட்’: வரவுக்கு மேல் செலவு செய்து பற்றாக்குறையில் இருப்பது. ‘ரன் கன்ஸ்’ என்றால் துப்பாக்கி கடத்துவது. ‘ரன் யுவர் ஐஸ் ஓவர் திஸ்’ மட்டும் நமக்கு மிகப் பழக்கமானது: இதில் கொஞ்சம் கண்ணை ஓட்டுங்கள்.

ஆளே செயப்படுபொருளாக வந்து, பின்னால் இடம் வந்தால் பிரிட்டிஷ் பேச்சில் அது வண்டியில் கொண்டுபோய் விடுவது. ‘ஐ வில் ரன் யூ டு த ஸ்டேஷன்’ என்று யாராவது சொன்னால் துரத்தப்போகிறார் என்று பயப்பட வேண்டாம், ஸ்டேஷனில் இறக்கிவிடுகிறார்.

பின்னால் ஒட்டும் சிறு சொல்

அதிகம் தடுமாறுகிற இடம் இதுதான். ‘அவுட்’, ‘இன்டு’, ‘ஓவர்’, ‘டவுன்’, ‘அப்’ என்ற சிறு சொல் ஒட்டியதும் பொருள் முழுவதும் மாறுகிறது. அதன் பிறகும் ஒரே பொருள் கிடைப்பதில்லை. இங்கே கேட்க வேண்டியது: இந்த ஒட்டுக்குப் பிறகு வரும் பெயர் என்ன?

‘ரன் இன்டு’ இதற்கு நல்ல பாடம். பின்னால் ஆள் வந்தால் எதிர்பாராமல் சந்திப்பது. மரமோ சுவரோ வந்தால் மோதுவது. ‘டிரபிள்’, கடனைக் குறிக்கும் ‘டெட்’ போன்றவை வந்தால் சிக்கிக்கொள்வது. ‘மில்லியன்ஸ்’ போன்ற எண் வந்தால் அந்த அளவை எட்டுவது. ‘ஐ ரேன் இன்டு யுவர் பிரதர்’ என்பதை, அண்ணன்மேல் மோதிவிட்டேன் என்று மொழிபெயர்ப்பது புதியவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. ஆள்மேல் வண்டி ஏறியதைச் சொல்ல ஆங்கிலம் ‘ரன் ஓவர்’ என்று வேறு ஒட்டைப் போடும். அந்த ‘ரன் ஓவர்’ கூட்டத்தோடு வந்தால் கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டியது. ‘டீட்டெய்ல்ஸ்’ பின்னால் வந்தால் விவரங்களை மறுபடி மேலோட்டமாகப் பார்ப்பது. பாத்திரம் எழுவாயானால் வழிவது.

‘ரன் டவுன்’: பேட்டரி என்றால் சார்ஜ் இறங்குவது. வண்டி ஓட்டியவர் ஓர் ஆளை என்றால் இடித்துத் தள்ளுவது. பேச்சில் ஓர் ஆளை என்றால் மட்டம் தட்டுவது. ஆலை, கையிருப்பு என்றால் படிப்படியாகக் குறைப்பது. பெயரடையாகக் கட்டடத்துக்கு வந்தால் சிதிலமடைந்த. மனிதருக்கு வந்தால் உடல் சோர்ந்த.

‘ரன் அப்’ பில்லோடும் கடனோடும் வந்தால் ஏற்றிவைப்பது. துணியோடு வந்தால், பிரிட்டிஷ் வழக்கில், அவசரமாகத் தைத்துக் கொடுப்பது. ‘ரன் ஆஃப்’ பிரதிகளோடு வந்தால் அச்செடுப்பது. ‘வித்’ சேர்ந்து ஆள் வந்தால் அவரோடு ஓடிப்போவது. இந்த ஓடிப்போவது தமிழிலும் அதே பொருளில் இருப்பதால் விளக்கமே வேண்டியதில்லை. ‘ரன் த்ரூ’ ஒத்திகை பார்ப்பது அல்லது வரிசையாக ஒருமுறை சொல்லிப்போவது. ‘ரன் அக்ராஸ்’ தற்செயலாகக் கண்ணில் படுவது.

‘ரன் அவுட்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கிரிக்கெட் நம்மைக் குழப்புகிறது. தீர்ந்துபோவது என்ற பொருளில் இது செய்வினையில் மட்டுமே வரும். பொருள் எழுவாயானால் ‘த பெட்ரோல் ஹாஸ் ரன் அவுட்’. ஆள் எழுவாயானால் ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் பெட்ரோல்’. ஆள் எழுவாய் என்றால் ‘ஆஃப்’ கட்டாயம். ‘பெட்ரோல் வாஸ் ரன் அவுட்’ என்பது தவறு. ஆனால் ஆட்டக்காரருக்கு ‘ஹி வாஸ் ரன் அவுட்’ என்ற செயப்பாட்டு வினைதான் சரி, ஏனென்றால் அவரை எதிரணி ஆட்டமிழக்கச் செய்கிறது. கிரிக்கெட் விதிகளில் 38ஆவது விதி இந்த ஆட்டமிழப்பைப் பற்றியது. உரிமம், பாஸ்போர்ட், விசா ‘ரன் அவுட்’ ஆனால் காலாவதி. பின்னால் ‘ஆன்’ சேர்ந்து ஆள் வந்தால் கைவிட்டுவிட்டுப் போவது.

பிரதிப்பெயர் எங்கே உட்கார வேண்டும் என்பதையும் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். ‘ரன் இன்டு ஹிம்’ என்று ஒட்டுக்குப் பின்னால்தான் வரும், நடுவில் நுழையாது. ‘ரன் ஹிம் ஓவர்’, ‘ரன் ஹிம் டவுன்’, ‘ரன் இட் அப்’ ஆகியவற்றில் நடுவில் வரும். ‘ரன் இட் பை சம்ஒன்’ என்பதில் எப்போதும் நடுவில்தான். அதற்கு வேறு இடமே கிடையாது.

பெயரடை தொடர்ந்தால்

‘ரன்’னுக்குப் பின்னால் ‘ட்ரை’, ‘லோ’, ‘ஷார்ட்’, ‘லேட்’, ‘வைல்ட்’, ‘ஹை’ போன்ற சொல் வந்தால் ஓட்டம் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். அங்கே அது ஆகு என்பதன் வேலையைச் செய்கிறது. கிணறு ‘ரேன் ட்ரை’: வறண்டுபோனது. கையிருப்பு ‘இஸ் ரன்னிங் லோ’: குறைந்துகொண்டே வருகிறது. எதிர்பார்ப்பு ‘ரன்ஸ் ஹை’: எகிறி நிற்கிறது. செடியோ குழந்தையோ ‘ரன்ஸ் வைல்ட்’ என்றால் கட்டுப்பாடின்றி வளர்கிறது.

பெயர்ச்சொல்லாக வரும்போது

முன்னால் ‘அ’ அல்லது ‘த’ நின்றால் பெயர்ச்சொல். தமிழின் ஓட்டம் இங்கே பல இடங்களில் நேராகப் பொருந்தும். கிரிக்கெட்டில் எடுப்பது ஓட்டம். ‘டிரையல் ரன்’னுக்குத் தேரோடு வந்த வெள்ளோட்டம் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது, ரயிலுக்கும் மென்பொருளுக்கும் அது நன்றாகவே பொருந்தும். ‘ரன்வே’ ஓடுபாதை. ‘ஃபோர்ரன்னர்’ முன்னோடி, இரு மொழியிலும் உறுப்புக்கு உறுப்பு அதே அமைப்பு.

பொருந்தாதவை வேறு. ‘அ ரன் ஆஃப் ஃபைவ் வின்ஸ்’: தொடர்ந்து ஐந்து வெற்றி. ‘பிரின்ட் ரன்’: ஒருமுறையில் அச்சிடும் பிரதிகளின் எண்ணிக்கை. ‘ஸ்கூல் ரன்’: பிள்ளைகளை வண்டியில் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கூட்டிவருவது. ‘சிக்கன் ரன்’: கோழிகள் உலவ வலையடித்த இடம். ‘த ரன் ஆஃப் த ஹவுஸ்’: வீட்டில் எங்கும் புழங்கும் உரிமை. ‘ரன்-ஆஃப்-த-மில்’: சாதாரணமான. ‘இன் த லாங் ரன்’: நீண்ட காலப் போக்கில். பன்மையில் ‘த’வோடு ‘த ரன்ஸ்’ என்று நோயாளி சொன்னால் வயிற்றுப்போக்கு. மருத்துவமனை வரவேற்பில் இருப்பவர்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

வங்கியோடு வரும் ‘ரன்’ தனி. ‘அ ரன் ஆன் த பேங்க்’ என்றால், வங்கி திவாலாகிவிடும் என்ற அச்சத்தில் வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் பணத்தைத் திரும்ப எடுக்கக் குவிவது. 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் நின்ற வரிசைகள் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் வரிசையே இல்லை. ஒரே நாளில் 4,200 கோடி டாலரைக் கணினி வழியே எடுக்க முயன்றார்கள். இரண்டுமே ‘ரன்’தான்.

அமெரிக்க ஊர்ப் பெயர்களில் வரும் ‘ரன்’ பலரை ஏமாற்றிவிடும். வர்ஜீனியா, பென்சில்வேனியா பகுதிகளில் சிற்றோடைக்கு ‘ரன்’ என்று பெயர். ஓடு என்பதிலிருந்து ஓடை என்று நாம் சொல்லும் அதே வழி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1861 ஜூலையில் நடந்த புல் ரன் போர் அப்படியொரு ஓடையின் பெயரைக் கொண்டது. அதைக் காளை ஓட்டப் போர் என்று எழுதிவிடக் கூடாது. பங்குச் சந்தையில் விலை தொடர்ந்து ஏறுவதைச் சொல்லும் ‘புல் ரன்’ வேறு. ஸ்பெயினின் பாம்ப்லோனாவில் தெருவில் காளைகளோடு ஓடுவது அதற்கும் வேறு.

எந்த நாடு, எந்தத் துறை

இவ்வளவுக்குப் பிறகும் பொருள் பிடிபடாவிட்டால் எழுதியவரின் நாட்டைப் பாருங்கள். தேர்தலில் பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’, அமெரிக்காவில் ‘ரன்’, இந்திய ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘கன்டெஸ்ட்’. நாமும் தேர்தலில் நிற்கிறோம், பிரிட்டனைப் போல. அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளருக்கு ‘ரன்னிங் மேட்’ என்று பெயர். 2020இல் ஜோ பைடனோடு களமிறங்கிய கமலா ஹாரிஸ் அப்படித்தான் குறிப்பிடப்பட்டார். உடன் ஓடுபவர் என்று அதற்குப் பொருள் இல்லை. சிவப்பு விளக்கைத் தாண்டிச் செல்வது அமெரிக்காவில் ‘ரன் அ ரெட் லைட்’. நம்மூரில் ‘சிக்னல் ஜம்ப்’ என்கிறோமே, பிரிட்டனும் ‘ஜம்ப்’தான் சொல்லும். காலுறையில் நூல் பிரிந்து கோடு விழுந்தால் அமெரிக்காவில் ‘ரன்’, பிரிட்டனில் ‘லேடர்’.

நாம் தமிழில் புழங்கும் ‘ரன்னிங்’கையும் ஆங்கிலத்துக்குத் திருப்பி அனுப்புமுன் யோசிக்க வேண்டும். ‘ரன்னிங்கில் ஏறாதே’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘மூவிங் பஸ்’ என்றுதான் வரும். ‘த்ரீ டேஸ் ரன்னிங்’ என்று காலத்துக்குப் பின்னால் நிற்கும் ‘ரன்னிங்’ தொடர்ந்து மூன்று நாள் என்று பொருள்படும். ‘ரன்னிங் டோட்டல்’ அவ்வப்போது கூட்டிக்கொண்டே வரும் தொகை. திரைப்படத்தின் ‘ரன்னிங் டைம்’ அதன் நீளம். நிரலாளரின் ‘ரன்டைம்’ நிரல் இயங்கும் நேரம் அல்லது அது இயங்கத் தேவையான சூழல்.

அகராதியும் நோட்டும்

மெரியம்-வெப்ஸ்டர் அகராதி பொருள்களை வரலாற்று வரிசையில் அடுக்குகிறது. முதலில் நிற்பது மிகப் பழைய பொருள், மிகப் புழக்கமான பொருள் அல்ல. அதனால் கற்பவர்கள் கேம்பிரிட்ஜ், லாங்மன், ஆக்ஸ்ஃபோர்டு ஆகியவற்றின் கற்போர் அகராதிகளில் தொடங்குவதே நல்லது. மூன்றும் இணையத்தில் இலவசம். ‘ரன்’ போன்ற நீண்ட பதிவுகளில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் ஒரு வழிகாட்டிச் சொல் போட்டிருப்பார்கள். விளக்கங்களைப் படிக்காமல் முதலில் அந்த வழிகாட்டிச் சொற்களை மட்டும் மேலிருந்து கீழே பார்வையிட்டு, உங்கள் வாக்கியத்தின் எழுவாயோடு ஒத்துப்போவதில் நிறுத்துங்கள். பக்கத்தில் ஐ என்ற ஆங்கில எழுத்தோ ‘இன்ட்ரான்சிடிவ்’ என்ற சொல்லோ இருந்தால் தன்வினை, டி எழுத்தோ ‘டிரான்சிடிவ்’ என்ற சொல்லோ இருந்தால் பிறவினை. நீங்கள் முதல் கேள்விக்குக் கண்ட விடையோடு அது முரண்பட்டால் தவறான பொருளில் நிற்கிறீர்கள். ஒட்டுச் சொல் இருந்தால் பதிவின் கடைசிக்குப் போக வேண்டும்; சொற்றொடர் வினைகள் அங்கேதான் தனியாக இருக்கும்.

நோட்டில் ‘ரன் = நடத்து, ஒழுகு, இயங்கு’ என்று பட்டியல் போட்டால் ஒரு வாரத்தில் மறந்துவிடும், ஏனென்றால் எப்போது எது என்ற குறிப்பு அதில் இல்லை. பக்கத்தை நான்கு பத்தியாகப் பிரியுங்கள்: எழுவாய், ‘ரன்’னும் ஒட்டும், பின்னால் வரும் பெயர், தமிழ் வாக்கியம். கடைசிப் பத்தியில் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதாமல், வீட்டில் பேசும் தமிழில் முழு வாக்கியமாக எழுதுங்கள். நாளுக்கு மூன்று வாக்கியம் போதும். மறுநாள் கடைசிப் பத்தியை மறைத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். அடுத்த நாள் நடுப் பத்திகளை மறைத்துத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு வாருங்கள். இரண்டாவதுதான் கடினம், அதனால் அதைத் தவிர்க்க வேண்டாம்.

பேசும்போது அழுத்தமும் எழுதும்போது இணைகோடும் பொருளைக் காட்டும். வினையாக இருந்தால் அழுத்தம் ஒட்டின்மேல், இடையில் வெற்றிடம். பெயராக இருந்தால் அழுத்தம் ‘ரன்’மேல், நடுவில் இணைகோடு அல்லது ஒரே சொல். புது எஞ்சினை முதலில் மெதுவாக ஓட்டிப் பழக்குவது ‘ரன் இன்’. ஒருவரோடு வாய்த்தகராறு ‘அ ரன்-இன்’. கடன் ஏற்றுவது ‘ரன் அப்’. பந்துவீச்சாளர் ஓடிவரும் தூரமும், தேர்தலுக்கு முந்தைய பரபரப்பான நாள்களும் ‘த ரன்-அப்’. ‘ரன்-ஆஃப்’ தேர்தலோடு வந்தால் பிரான்ஸின் அதிபர் தேர்தலைப் போல இரண்டாம் சுற்று வாக்கெடுப்பு. மழையோடு வந்தால் நிலத்தில் வழிந்தோடும் நீர்.

கீழே ஐந்து வாக்கியங்கள். விடையைப் பார்க்குமுன் கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். ‘ஹர் ஆன்ட் ரன்ஸ் டூ ஹோட்டல்ஸ்’. ‘த ரோட் ரன்ஸ் பாஸ்ட் த டெம்பிள்’. ‘வி ரேன் இன்டு ஹெவி ரெயின்’. ‘த மீட்டிங் ரேன் ஓவர்’. ‘த வெல் ஹாஸ் ரன் ட்ரை ஃபார் த செகண்ட் இயர் ரன்னிங்’.

முதலாவதில் செயப்படுபொருள் நேராக நிற்கிறது, அது தொழில். ஆகவே அவளுடைய அத்தை இரண்டு ஓட்டல் நடத்துகிறார். இரண்டாவதில் நீளமாகக் கிடக்கும் பொருள். சாலை கோயிலைத் தாண்டிச் செல்கிறது. மூன்றாவதில் ‘இன்டு’வுக்குப் பின் இடைஞ்சல், பலத்த மழையில் மாட்டிக்கொண்டோம். நான்காவதில் ஒட்டு இருக்கிறது, பின்னால் பெயர் இல்லை, எழுவாய் கூட்டம். நேரம் கடந்து நீண்டது. ஐந்தாவதில் இரண்டு ‘ரன்’. முதலாவதற்குப் பின் பெயரடை, இரண்டாவது காலத்துக்குப் பின்னால் நிற்கிறது: தொடர்ந்து இரண்டாவது ஆண்டாகக் கிணறு வற்றிவிட்டது.